ஒப்புரவு அறிந்த தொழில் வேந்தர் ஜாம்ஷெட்ஜி டாட்டா

தமிழ் மக்கள் பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டுப் பெயர்ந்து, பிற நிலங்களில் குடியேறிய வரலாறு மிக நெடியது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து இருப்புப்பாதைப் பணியிலும் ஆலைப் பணியிலும் அமர்ந்தோர் சிலர். போடிநாயக்கனூர் மலைப்பாதை வழியே ஏறி, மூணாறு, தேவிகுளம், பீர்மேடு ஆகிய இடங்களின் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளச் சென்றோர் பலர். நம் குடியிருப்பிலுள்ள குடும்பங்களுள் மூணாற்றுப் பக்கம் ஓர் அத்தையோ சித்தப்பாவோ இல்லாத குடும்பம் அரிது.

இவ்விரு எல்லைப் பகுதிகளிலும் அண்மைக் காலத்தில் எழுந்த இரண்டு நிகழ்ச்சிகள் நாடெங்கும் பேசப்பட்டன. பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டம், பிளாச்சிமடையில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய கோக்கக்கோலா ஆலை நிலத்தடி நீரை எடுக்கத் தொடங்கியபின், சுற்றியிருந்த கிணறுகள் வற்றின என்றும் நீர் கெட்டது என்றும் ஊரார் 2002-இல் போராட்டம் தொடங்கினர். இடுக்கி மாவட்டம் மூணாற்றில், 2015-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், கொழுந்து கிள்ளும் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்து அமர்ந்தனர். ஒன்று நிலத்தைப் பற்றிய வழக்கு. மற்றொன்று உழைப்பைப் பற்றிய வழக்கு. ஆயினும் இரண்டின் அடியிலும் இருந்த வினா ஒன்றே. ஒரு நிறுவனம் தான் எடுத்துக்கொள்ளும் உழைப்புக்கும் நிலத்துக்கும் என்ன கடன்பட்டிருக்கிறது?

திருவள்ளுவர் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரமும், ஈகை என்று மற்றோர் அதிகாரமும் அடுத்தடுத்து வைத்தார். ஈகை, இல்லாதவர்க்கு இரங்கிக் கொடுப்பது. ஒப்புரவு, உடன் வாழ்வோர்க்குக் கடமையறிந்து செய்வது. முன்னது கொடுப்போர் மனத்தைப் பொறுத்தது. பின்னது கொடுத்தே தீரவேண்டியது. நிறுவனங்களின் சமுதாயப் பொறுப்பு என்று இந்நாளில் பேசப்படும் பொருள் இவ்விரண்டில் எதனைச் சேர்ந்தது என்று தெளிவதற்கு, இந்நாட்டில் அதனை முதன்முதல் பெரிய அளவில் செய்து காட்டியவருள் ஒருவராகிய ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் வாழ்க்கையை நினைவு கூர்வது பொருத்தம் என்று கருதுகிறோம். அன்னாரின் பெயர் தாங்கிய நிறுவனம் பிற்காலத்தில் மூணாற்று மலைக்கும் வந்து சேர்ந்தது ஆதலால், இவ்வரலாறு நம் வீட்டு வாயில்வரை வருகின்றது.

பிறப்பும் இளமையும்

ஜாம்ஷெட்ஜி 1839-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் நாள், கூர்ச்சர நாட்டில் நவசாரி என்னும் ஊரில் பிறந்தார். அவரது குடும்பம் பார்சி சமயத்துப் புரோகிதர் குடும்பம். தலைமுறை தலைமுறையாக நெருப்புக் கோயிலில் பணியாற்றி வந்த அக்குடும்பத்தில், முதன்முதலாக வாணிபம் நாடிப் பம்பாய் சென்றவர் அவருடைய தந்தை நசர்வான்ஜி. மகனும் சிறு வயதிலேயே பம்பாய் வந்து, எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று, 1858-இல் படிப்பை முடித்துத் தந்தையின் வாணிபத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே ஹாங்காங் நகருக்கு அனுப்பப்பட்டார். அந்நாளைய சீன வாணிபத்தில் பருத்தியோடு அபினியும் இருந்தது. டாட்டா குடும்பத்தின் வாணிபமும் அதற்கு விலக்கன்று. பெரியார்களின் வரலாற்றை எழுதும்பொழுது இத்தகைய செய்திகளை மறைத்தல் முறையன்று.

அமெரிக்க உள்நாட்டுப் போரினால் அந்நாட்டுப் பருத்தி இங்கிலாந்துக்கு வாராது நின்றது. நம் நாட்டுப் பருத்தியின் விலை வானளாவ உயர்ந்தது. பம்பாயில் பணம் மழைபோல் பொழிந்தது. 1865-இல் போர் முடிந்தது. விலை ஒரே வீழ்ச்சியாக வீழ்ந்தது. அப்பொழுது ஜாம்ஷெட்ஜி இலண்டனில் இருந்தார். அவர் கையில் இருந்த பத்திரங்கள் வெற்றுத் தாளாயின. கடன் கொடுத்தோரிடமிருந்து ஓடி ஒளியாமல், அவர்கள் முன் சென்று கணக்கு முழுவதையும் விரித்துக் காட்டினார். அவரது நேர்மையைக் கண்ட கடன்காரர்கள், அந்நிறுவனத்தின் கணக்கை முடிக்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்து, அதற்கொரு சிறு மாதச் சம்பளமும் கொடுத்தனர். பிறர் பொருளுக்குத் தாம் காவலரே என்னும் எண்ணம் அவரிடம் வேரூன்றியது அந்த வீழ்ச்சியில்தான் என்று கொள்ளலாம்.

நாகபுரி ஆலை

1868-ஆம் ஆண்டு, தம் 29-ஆம் வயதில், 21,000 ரூபாய் முதலீட்டில் தனியே வாணிபம் தொடங்கினார். நொடித்துப்போன எண்ணெய் ஆலை ஒன்றை வாங்கிப் பருத்தி ஆலையாக மாற்றி, இரண்டு ஆண்டுகளில் இலாபத்துக்கு விற்றார். பின்னர் இங்கிலாந்து சென்று, இலங்காஷயர் நெசவாலைகளை நேரிற் கண்டு தொழில் நுணுக்கம் அறிந்து திரும்பினார்.

பம்பாயிலேயே ஆலை வைப்பது அந்நாளைய வழக்கம். ஜாம்ஷெட்ஜியோ பருத்தி விளையும் நிலத்தையும், நிலக்கரி கிடைக்கும் இடத்தையும், இருப்புப்பாதை வந்து சேரும் ஊரையும் ஆராய்ந்து நாகபுரியைத் தேர்ந்தார். ஆலைக்கு வாங்கிய நிலம் சதுப்பு நிலம். அதனை மண்ணிட்டு மேடாக்க வேண்டியிருந்தது. பொன்னை மண்ணில் கொட்டும் இவருக்குக் கடன் கொடுப்பதா என்று உள்ளூர் வட்டிக் கடைக்காரர் ஒருவர் மறுத்தாராம். மண்ணைப் போட்டுப் பொன்னை எடுத்தவர் இவர் என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டாராம். 1877-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் எம்பிரஸ் ஆலை திறக்கப்பட்டது.

அவ்வாலையின் மேலாளராக அவர் தேர்ந்தெடுத்தவர் பெசோன்ஜி மேத்தா என்பவர். அவர் நூற்பும் நெசவும் அறிந்தவர் அல்லர். ரயில்வேயின் சரக்குப் பகுதியில் பணியாற்றியவர். கூட்ஸ் ஆபீசில் கணக்கெழுதும் நம்மவர் இச்செய்தியைக் கேட்டு மகிழலாம். தொழிலைக் கற்பிக்கலாம், ஒழுங்கையும் நேர்மையையும் கற்பித்தல் அரிது என்பது ஜாம்ஷெட்ஜியின் கணக்காயிருக்க வேண்டும்.

ஆலை தொடங்கிய நாளில் பெருந்தொல்லையாக நின்றது, தொழிலாளர் வேலைக்கு வாராமை. நாள்தோறும் ஐவரில் ஒருவர் வருவதில்லை. அந்நாளைய ஆலை முதலாளிகள் இதற்குக் கண்ட மருந்து அபராதமும் வசையுமே. ஜாம்ஷெட்ஜி வேறு வழி நினைத்தார். வேலை செய்யும் இடம் மனிதன் மூச்சுவிடத் தக்கதாயிருக்கிறதா, முதுமையில் அவனுக்கு என்ன மிஞ்சும், இயந்திரத்தில் கை சிக்கினால் அவன் மனைவி மக்கள் கதி என்ன என்று கேட்டார். பஞ்சுத் தூசியும் வெப்பமும் நிறைந்த ஆலைக்குள் நல்ல காற்று வர வழி செய்தார். காற்றை ஈரப்படுத்தும் கருவிகளையும், தீப்பிடித்தால் நீர் தெளிக்கும் குழாய்களையும் பொருத்தினார். 1886-இல் ஓய்வுநிதித் திட்டம் ஏற்பட்டது. 1895-இல் விபத்தில் ஊனமுற்றோர்க்கு இழப்பீடு தரும் ஏற்பாடு வந்தது.

இவ்வாண்டுகளைச் சட்டத்தின் ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இதன் அருமை விளங்கும். இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் வந்தது. அது சிறுவர்களின் வேலை நேரத்தை மட்டுமே வரையறுத்தது. வயதுவந்த ஆண்களின் வேலை நேரத்துக்கு 1911 வரை சட்ட வரம்பே இல்லை. விபத்து இழப்பீட்டுச் சட்டம் 1923-இல் வந்தது. ஆலைத் தொழிலாளர்க்குரிய சேமநிதிச் சட்டம் 1952-இல் வந்தது. அதாவது, சட்டம் கட்டளையிடுவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னரே ஓர் ஆலை தன் கடமையை உணர்ந்தது. நம் மாதச் சம்பளத்தில் பி.எப். பிடித்தம் கண்டு முணுமுணுப்போர் இவ்வரலாற்றை எண்ணிப் பார்ப்பார்களாக.

இவற்றை அவர் தருமமாகச் செய்யவில்லை என்பதை உற்று நோக்க வேண்டும். தொழிலாளியின் உடல்நலமும் மனநிறைவும் ஆலையின் நலமே என்று கணக்கிட்டுச் செய்தார். ஆகவேதான் அது நிலைத்தது. இரக்கத்தால் பிறக்கும் உதவி, இலாபம் குறையும் ஆண்டில் நின்றுவிடும். கணக்கில் ஏறிய கடமையோ நட்டம் வந்த ஆண்டிலும் நிற்கும்.

ஒத்த உரிமைக்கான முயற்சி

தம் ஆலைக்குள் நீதி செய்தவர், வெளியில் தமக்கு இழைக்கப்பட்ட அநீதியையும் பொறுத்துக்கொள்ளவில்லை. சீனத்துக்கும் சப்பானுக்கும் நூல் ஏற்றிச் சென்ற ஆங்கிலேயக் கப்பல் நிறுவனம், இந்திய வணிகர்க்கு ஒரு கட்டணமும் வேண்டியவர்க்கு ஒரு கட்டணமுமாக வாங்கி வந்தது. ஜாம்ஷெட்ஜி 1893-இல் சப்பான் சென்று, அந்நாட்டுக் கப்பல் நிறுவனத்தின் துணையோடு தம் பெயரால் ஒரு கப்பற் போக்குவரத்தைத் தொடங்கினார். எதிரிகள் கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தனர். உடன் நிற்பதாகச் சொன்ன வணிகர்கள் ஒவ்வொருவராக நழுவினர். முயற்சி தோற்றது. பதின்மூன்று ஆண்டுகளுக்குப்பின், 1906-இல், தூத்துக்குடியில் நம் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்டதையும், அதற்கு நேர்ந்த கதியையும் அறிந்த தமிழர்க்கு இவ்வரலாறு புதிதன்று.

உரிமை ஒப்ப வேண்டுமாயின் கல்வி ஒப்ப வேண்டும் என்பதும் அவர் கொள்கை. 1892-இல் மேற்படிப்புக்கு வெளிநாடு செல்வோர்க்கு உதவ ஒரு நிதி ஏற்படுத்தினார். அதன் முதல் பயனாளிகளாக இங்கிலாந்து சென்றவர்கள் பிரேனி காமா, கிருஷ்ணாபாய் கேளவ்கர் என்னும் இரண்டு பெண் மருத்துவர்கள். பெண்கள் எழுத்தறிவதே அரிதாயிருந்த காலத்தில் இது நடந்தது. அந்நிதி கடனாகக் கொடுக்கப்படுவது. பயின்றவர் திருப்பிச் செலுத்த, அப்பணம் அடுத்தவர்க்குப் போகும். பெறுவோர் தலைகுனிய வேண்டியதில்லை. அரை நூற்றாண்டுக்குப் பின்னர், கோட்டயம் மாவட்டத்து உழவூரில் தாழ்த்தப்பட்ட குலத்தில், வறுமையில் பிறந்த கே. ஆர். நாராயணன், டாட்டா உதவி பெற்றே இலண்டன் சென்று பொருளியல் பயின்றார். அவர் 1997-இல் இந்தியக் குடியரசுத் தலைவரானதை யாவரும் அறிவர்.

இந்நாட்டில் அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் ஒன்று வேண்டும் என்று 1898-இல் 30 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள சொத்தை ஒதுக்கினார். அது பெங்களூரில் அமைவதற்குத் துணை நின்றவருள் மைசூர்த் திவான் சேஷாத்திரி ஐயரும் ஒருவர். அவர் பிறந்தது நம் பாலக்காட்டுக்கு அண்மையிலுள்ள குமாரபுரம். அரசாங்கத்தின் இழுபறியால் அந்நிறுவனம் ஜாம்ஷெட்ஜி மறைந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1909-இல்தான் நிறுவப்பெற்றது. சர் சி. வி. இராமன் 1933-இல் அதன் முதல் இந்திய இயக்குநரானார்.

இரும்பும் மரமும்

ஜாம்ஷெட்ஜியின் பெருங்கனவு இரும்பாலை. 1882-இல் மத்திய மாகாணத்து இரும்புக் கனியைப் பற்றிய அறிக்கை ஒன்றைப் படித்தது முதல் அக்கனவு அவரை விடவில்லை. சுரங்க விதிகள் 1899-இல் தளர்த்தப்பட்டபின் முயற்சியை மேற்கொண்டு, 1902-இல் அமெரிக்கா சென்று வல்லுநர்களைக் கண்டார். ஆலை எங்கே அமையும் என்பதே முடிவாகாத அந்த ஆண்டில், தம் மூத்த மகன் தோராப்ஜிக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். உலைகளைப் பற்றியும் இலாபத்தைப் பற்றியும் அன்று. தொழிலாளர் வாழப்போகும் ஊரைப் பற்றி. தெருக்கள் அகலமாயிருக்க வேண்டும், விரைந்து வளரும் நிழல் மரங்களை இருமருங்கும் நட வேண்டும், புல்வெளிக்கும் பூங்காவுக்கும் தாராளமாக இடம் விட வேண்டும், பந்தாடும் திடல்கள் வேண்டும், இந்துக்களுக்கும் முகமதியர்க்கும் கிறித்தவர்க்கும் வழிபாட்டிடங்கள் ஒதுக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆலை எழும்புவதற்கு முன்பே மரத்துக்கும் தொழிலாளிக்கும் ஒரே மடலில் இடம் ஒதுக்கியவர் அவர். அவ்விரண்டும் வேறு வேறல்ல என்பதே அம்மடலின் உட்பொருள்.

1907-இல் இரும்பு நிறுவனம் தோன்றிற்று. 1912-இல் முதல் எஃகு வார்க்கப்பட்டது. டாட்டா ஆலையில் தண்டவாளம் உருவாகுமானால் அதன் ஒவ்வொரு இராத்தலையும் தாமே தின்றுவிடுவதாக இருப்புப்பாதை உயரதிகாரியான ஆங்கிலேயர் ஒருவர் ஏளனம் செய்தார் என்று ஒரு செய்தி வழங்குகிறது. முதல் உலகப் போரில் மெசொப்பொத்தேமியப் போர்முனைக்கு அவ்வாலையின் தண்டவாளங்களே நூற்றுக்கணக்கான மைல் சென்றன. அந்நன்றியை நினைந்து, 1919-இல் வைசிராய் செம்ஸ்போர்டு அவ்வூருக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயரிட்டார். காளிமாட்டி இரயில் நிலையம் டாட்டாநகர் ஆயிற்று. அவ்வாலையில் எட்டு மணி நேர வேலை 1912-இலும், பேறுகால உதவி 1928-இலும் வந்தன. நாடு முழுவதற்குமான பேறுகாலச் சட்டம் வந்ததோ 1961-இல்.

புகையும் புனலும்

பம்பாய் நகரத்து ஆலைகள் நிலக்கரி எரித்து இயங்கின. ஊரெல்லாம் புகை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்து வீணே கடலுக்கு ஓடும் மழைநீரைத் தேக்கி மின்சாரம் எடுத்தால், புகையும் ஒழியும், கரிச் செலவும் குறையும் என்னும் எண்ணம் ஜாம்ஷெட்ஜியை ஆட்கொண்டது. அவர் காலத்துக்குப்பின் 1910-இல் அதற்கென ஒரு நிறுவனம் ஏற்பட்டு, 1915-இல் புனல் மின்சாரம் பம்பாய் ஆலைகளுக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் இவ்வொளிக்கும் ஒரு நிழல் உண்டு. டாட்டா நிறுவனத்தார் புனாவுக்கு அண்மையில் முள்சி என்னுமிடத்தில் அடுத்த அணை கட்ட முற்பட்டபொழுது, நிலமிழந்த உழவர்கள் 1921-இல் சேனாபதி பாபட் தலைமையில் சத்தியாக்கிரகம் செய்தனர். அணை நிற்கவில்லை, ஊர்கள் நீரில் மூழ்கின. ஜாம்ஷெட்பூரிலும் 1920-இலும் 1928-இலும் பெரும் வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன. தலைவர் மனம் நல்லதாயிருப்பது மட்டும் போதாது, பாதிக்கப்படுவோரைக் கேட்டுச் செய்தல் வேண்டும் என்னும் பாடத்தை அவர் பெயர் தாங்கிய நிறுவனங்களே பின்னர்க் கற்க வேண்டியிருந்தது.

ஜாம்ஷெட்ஜி 1904-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள், செருமனியில் நவ்கைம் என்னும் ஊரில் காலமானார். இரும்பாலையையோ, அறிவியல் கழகத்தையோ, புனல் மின்சாரத்தையோ அவர் கண்ணாற் காணவில்லை. அவர் நட்ட விதைகளை மக்கள் தோராப்ஜியும் இரத்தன்ஜியும் வளர்த்து, தங்கள் செல்வத்தின் பெரும்பகுதியை அறநிலையங்களுக்கு எழுதி வைத்தனர். டாட்டா சன்ஸ் எனப்படும் தாய் நிறுவனத்தின் பங்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இன்றும் அறநிலையங்கள் கையில் இருக்கிறது.

மூணாற்று மலையில்

இனி நம் எல்லைப்புறத்துக்கு வருவோம். 1877-இல், அதாவது நாகபுரி ஆலை திறந்த அதே ஆண்டில், பூஞ்ஞாற்று மன்னரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகை பெற்றவர் மன்றோ என்னும் வெள்ளையர். காடு அழிந்து தேயிலை எழுந்தது. கங்காணிகள் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரச் சீமைகளிலிருந்து நம்மவரை அழைத்துச் சென்றனர். 1964-இல் டாட்டா நிறுவனம் பின்லே நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து அம்மலைக்கு வந்தது. 1983-இல் டாட்டா டீ என்று பெயர் கொண்டது. 2005-ஆம் ஆண்டில் தோட்டங்கள் புதிய நிறுவனம் ஒன்றுக்கு மாற்றப்பட்டு, அதன் பங்குகளில் பெரும்பகுதி தொழிலாளர்க்கும் ஊழியர்க்கும் கிடைத்தது. கொழுந்து கிள்ளுவோரே கம்பெனிக்கு உடைமையாளர் ஆயினர். ஜாம்ஷெட்ஜியின் எண்ணத்துக்கு இது பொருத்தமான ஏற்பாடு என்று பலரும் போற்றினர்.

போற்றுதற்குரியதே, ஆயினும் பத்தே ஆண்டில், 2015 செப்டம்பரில், அந்த உடைமையாளர்களே சாலையில் அமர்ந்தனர். போனஸ் குறைக்கப்பட்டதை எதிர்த்து ஒன்பது நாள் வேலைநிறுத்தம் செய்தனர். முதுகில் கூடை சுமந்து மலைச்சரிவில் நிற்போர் பெண்கள். மேற்பார்ப்போரும் தொழிற்சங்கத் தலைவர்களும் பெரும்பாலும் ஆண்கள். தம் பெயரால் பேசி வந்த சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவைத்து, பெம்பிளை ஒருமை என்னும் பெயரில் பெண்கள் தாமே பேசினர். போனசும் கருணைத் தொகையுமாக 20 விழுக்காடு பெற்றனர். தொடர்ந்த போராட்டத்தின் பயனாக, கேரளத் தேயிலைத் தோட்டங்களில் 232 ரூபாயாக இருந்த நாட்கூலி 301 ரூபாயாயிற்று. பங்குப் பத்திரம் கையில் இருப்பது வேறு, பேசும் வாய்ப்பு இருப்பது வேறு என்பதை எழுதப் படிக்க அதிகம் அறியாத நம் சகோதரிகள் நாட்டுக்கு உணர்த்தினர்.

அம்மலையின் மற்றொரு பக்கமும் உண்டு. வரையாடு உலவும் இரவிகுளம் மேட்டுநிலம் ஒரு காலத்தில் தோட்டத் துரைமார்களின் வேட்டைக்களம். அவர்களே 1928-இல் ஒரு சங்கம் அமைத்து விலங்குகளைக் காக்கத் தலைப்பட்டனர். 1971-இல் நிலம் அரசுக்குச் சென்றது. 1978-இல் அது தேசியப் பூங்காவாயிற்று. வரையாடு பிழைத்தது நல்ல செய்தி. ஆனால் அந்தப் பூங்காவின் அடிவாரத்தில், பெட்டிமுடி என்னுமிடத்தில், 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு மலை சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளர்களின் லயங்களை மூடிற்று. 70 பேர் மாண்டனர், பெரும்பாலோர் தமிழர். ஆட்டுக்கு மலை காவலாயிற்று. அம்மலையில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்க்குப் பாதுகாப்பான வீடில்லை. மண்ணைக் காப்பதும் மனிதரைக் காப்பதும் ஒரே கடமை என்பதை இதனினும் கொடுமையாக உணர்த்தும் நிகழ்ச்சி வேறில்லை.

பிளாச்சிமடை காட்டியதும் அதுவே. ஆலைக் கழிவை உரமென்று உழவர்க்குக் கொடுத்தார்கள்; 2003-இல் செய்த சோதனையில் அதில் காட்மியமும் ஈயமும் இருந்தன. இலவசமாய் வந்த உதவியே நஞ்சாயிற்று. இரவாளர் குலத்து மூதாட்டி மயிலம்மா முன்னின்ற போராட்டத்தின் நடுவே 2004-இல் ஆலை நின்றது. அரசு அமைத்த குழு 2010-இல் இழப்பை 216 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. இழப்பீட்டுக்கெனக் கேரள சட்டமன்றம் 2011-இல் இயற்றிய மசோதா, குடியரசுத் தலைவர் ஒப்புதலின்றி நின்றுபோயிற்று. மயிலம்மா 2007-லேயே கண் மூடிவிட்டார்.

ஒப்புரவே வேண்டுவது

2014 ஏப்ரல் முதல், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமுதாயப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது சட்டம். கல்வி, சுகாதாரம், ஆண் பெண் சமத்துவம், இயற்கைப் பாதுகாப்பு ஆகியன அப்பணிகளுள் அடங்கும். அச்சட்டத்தின் விதியொன்று நுட்பமானது. தன் சொந்தத் தொழிலாளர்க்கு மட்டும் பயன்படும் செலவை அந்த இரண்டு விழுக்காட்டில் எழுதிக்கொள்ளக் கூடாது. சிலர் இதைக் குறையென்பர், நாம் நிறையென்போம். தொழிலாளிக்கு நேர்மையான கூலியும், தூய காற்றும், பாதுகாப்பான வீடும் தருவது தருமக் கணக்கில் எழுதத் தக்கதன்று. அது முதற்கடன். கிணற்றை வற்றச் செய்துவிட்டுத் தண்ணீர்ப் பந்தல் வைப்பதையும், உள்ளே ஒப்பந்தத் தொழிலாளியின் சேமநிதியைக் கட்டாமல் வெளியே மரக்கன்று நட்டுப் படம் எடுப்பதையும் சமுதாயப் பொறுப்பென்று நாம் ஒப்பலாகாது. ஜாம்ஷெட்ஜி தொடங்கியது வாயிற்கதவுக்கு உள்ளேயிருந்து. வெளியே கொடுத்தது பின்னர்.

நம் குடியிருப்பின் பிள்ளைகளுள் பலர் இன்று கஞ்சிக்கோட்டிலும் கோயம்புத்தூரிலும் கம்பெனிகளில் பணிபுரிகின்றனர். சிலர் நாளை மேலாளர்களாவர். கையெழுத்திடும் அதிகாரம் பெறுவர். அந்நாளில் அவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. ஒரே வேலைக்கு ஆணும் பெண்ணும் ஒரே கூலி பெறுகின்றனரா? எடுத்த நீரும் விட்ட கழிவும் எங்கே போகின்றன? பாதிக்கப்படுவோரைக் கேட்டோமா? இக்கேள்விகளைக் கேட்பதற்கு மேலாளராகும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. நம் தெருவை அதிகாலையில் கூட்டும் ஒப்பந்தப் பெண்களுக்கு மாதக் கூலி நாள் தவறாமல் கிடைக்கிறதா, கையுறை உண்டா, பேறுகால விடுப்பு உண்டா என்று நம் சங்கமே விசாரிக்கலாம். இவ்வாண்டு விழாவின் தீர்மானங்களில் ஒன்றாக அதனைச் சேர்க்குமாறு உறுப்பினர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

வழிபாட்டுக்குரிய தெய்வமாக ஜாம்ஷெட்ஜியை நாம் நிறுத்தவில்லை. குறைகளோடு பிறந்து, குறைகள் நிறைந்த காலத்தில் வாழ்ந்து, தாம் எடுத்ததற்குத் திருப்பித் தரவேண்டும் என்று உணர்ந்த மனிதர் அவர். அவ்வுணர்வு முதலாளிக்கும் வேண்டும், தொழிலாளிக்கும் வேண்டும், குமாஸ்தாவுக்கும் வேண்டும். ஈகை சிலர்க்கே இயலும். ஒப்புரவு எல்லார்க்கும் இயலும்.

வாழ்க உழைப்போர்! வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!